மாம்பழக் கலர் பிளவுஸ்

2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மலேசியாவின் பினாங்கில் இருக்கும் என் தையல் கடையில் ஓவர்லாக் மெஷின் படுத்துவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "நாளைக்கு வரேன்கா" என்றான். தீபாவளி நேரத்தில் தையல்காரிக்கு நாளை என்பது அடுத்த வருடம் மாதிரி. தைத்து முடித்து ஓரம் அடிக்காமல் கிடந்த ஒன்பது பிளவுஸைப் பையில் திணித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் பாய் கடைக்கு ஓடினேன்.

பாய் புதுத்துணி தைப்பதில்லை. ஆல்ட்டர் மட்டும்தான். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, மலாய்ப் பெண்கள் போடும் பாஜு கூரோங்கின் பக்கவாட்டைப் பிடிப்பது, இப்படி. அதைக் கடை என்றுகூடச் சொல்ல முடியாது. அஞ்சடியில், அதாவது கடைவீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு காற்றாடி, தலைக்கு மேலே ஒரு டியூப் லைட். அவ்வளவுதான். ஆனால் கை சுத்தம்.

"உக்காரும்மா, பத்து நிமிசம்" என்று என் பையை வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஆல்ட்டருக்கு வந்த துணிகள் குவியலாகக் கிடந்தன. மேலிருந்து மூன்றாவதில் ஒரு ஓரம் வெளியே தெரிந்தது. மாம்பழக் கலர் பட்டு. பாட்டில் பச்சையில் பைப்பிங்.

அவரவர் கையெழுத்து அவரவருக்குத் தெரியும் இல்லையா, தையலும் அப்படித்தான். இருந்தாலும் நம்ப மனம் வரவில்லை. மெதுவாக உருவிப் பார்த்தேன். நான் கொக்கி வைக்கும்போது மேலிருந்து இரண்டாவதை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பேன். மூச்சை இழுத்து விட்டாலும் அவிழாது. இதிலும் இரண்டாவது கொக்கி திரும்பியிருந்தது. என் பிளவுஸ்தான். கைப்பக்கம் ஒரு ஊக்கில் துண்டுச் சீட்டு. பாயின் எழுத்து: "கை தூக்க முடியல. 15 வெள்ளி." (எங்கள் ஊரில் ரிங்கிட்டை வெள்ளி என்போம்.)

அந்த பிளவுஸின் சொந்தக்காரத் தங்கச்சி செப்டம்பரில் என் கண்ணாடி முன்னால் நின்று "சூப்பர்கா!" என்றவள். திரும்பித் திரும்பி நின்று போட்டோ எடுத்தவள். அன்று இரவே என் கடைப் பக்கத்தில் 5 ஸ்டார் கொடுத்து, மூன்று இதயம் போட்டு, "பெஸ்ட் டெய்லர் இன் பினாங்கு" என்று எழுதியவள். அதை நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வேறு வைத்திருந்தேன்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். என் கையில் இருந்ததையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து ஓவர்லாக்கை ஓட்டினார். அந்த மனுஷனுடைய மரியாதை அது. எனக்குத்தான் முகம் எரிந்தது.

என் கடையைப் பற்றி இரண்டு வரி. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில் மணி கேட்கிற தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பாதி எனக்கு, மீதிப் பாதியில் பூக்கடை. கோவில் 1833-இலிருந்து நிற்கிறது. நான் பதினொரு வருடமாக. வணிகப் பெயரில் பதிவதால், வியாபாரங்களைப் பதிவு செய்யும் அரசாங்க ஆணையமான எஸ்எஸ்எம்முக்கு வருடத்துக்கு 60 வெள்ளி. லைனிங் வைத்த ஒரு சாதா பிளவுஸுக்கு நான் வாங்கும் கூலியும் 60 வெள்ளிதான், அதனால் வருடத்தின் முதல் பிளவுஸ் அரசாங்கத்துக்கு என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். நானும் உதவிக்கு ஒரு பெண்ணும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும் என் சின்னம்மா வந்து ஹெம்மிங் செய்வார்.

அந்த நாள் வரை குறை நிறை கேட்பதில் நான் சமர்த்து என்றுதான் நினைத்திருந்தேன். துணியைக் கொடுக்கும்போது ஒருவரைக்கூட விடாமல் "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பேன். அந்த வருடம் என் மகன் ஒரு கியூஆர் கோடு அச்சடித்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஸ்கேன் செய்தால் ஐந்து கேள்வி வரும், ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். நாலு மாதத்தில் பதினொரு பேர் நிரப்பினார்கள். பதினொரு பேரும் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. அதில் மூன்று பேர் என் அக்கா வீட்டு ஆட்கள். நானோ அந்தக் கணக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தப்பே இல்லாத பரீட்சைத்தாளைப் பார்த்தால் எந்த வாத்தியாருக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் வரும்? அவள் காசு கொடுத்துவிட்டாள். விசேஷம் நாளை மறுநாள். கண்ணாடியில் கையைக் கீழே தொங்கவிட்டு நேராக நிற்கிறாள், யாராக இருந்தாலும் வாழ்க்கையில் அப்படி நிற்பது அந்த அரை நிமிடம்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். நான் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு "எப்படிம்மா?" என்கிறேன். இதில் "சூப்பர்கா" என்பது மனதில் பட்டதைச் சொல்வது ஆகாது. "வரேன்கா" என்பதைப் போல, கடையை விட்டுக் கிளம்ப ஒரு வார்த்தை.

இதில் எங்கள் ஊர்க் கதையும் சேர்ந்துகொள்கிறது. பினாங்குத் தமிழர் கூட்டம் சின்னது. இன்றைக்கு என் தையலில் குறை சொன்னால், நாளைக்கு வெள்ளிக்கிழமை பூசையில் பக்கத்தில் உட்கார வேண்டி வரும். அவள் மாமியார் என் சின்னம்மாவுடன் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவராக இருப்பார். யாருக்கு எதற்கு வம்பு? 15 வெள்ளியை பாயிடம் கொடுத்தால் முடிந்தது.

தீபாவளி முடியும் வரை அந்தத் தங்கச்சியைக் கூப்பிடவில்லை. வேலை என்பது ஒரு சாக்கு. கோபம் என்பதுதான் நிஜம். "என்கிட்ட சொல்லியிருந்தா ஓசியிலேயே செஞ்சு குடுத்திருப்பேனே" என்கிற கோபம். அந்தக் கோபத்தோடு கூப்பிட்டிருந்தால், அவள் மன்னிப்புக் கேட்பாள், நான் பரவாயில்லை என்பேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். நவம்பர் இரண்டாவது வாரம் கூப்பிட்டேன். பாய் கடையில் பார்த்ததைச் சொல்லவில்லை. "அந்த மஞ்சப் பிளவுஸ போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போனியே, அன்னிக்குக் காலையிலருந்து என்னல்லாம் செஞ்ச, சொல்லேன்" என்றேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் சொன்னாள். கல்யாணம் பட்டர்வொர்த்தில். பெர்ரியில் போயிருக்கிறார்கள். இரண்டு வயசுப் பையன், படியில் ஏறும்போதே தூக்கச் சொல்லி அழுதிருக்கிறான். தூக்கியிருக்கிறாள். கக்கத்தில் பிடித்து இழுத்து, பிளவுஸ் முழுக்க மேலே ஏறிவிட்டது. இறக்கிவிட்டு இழுத்து விட்டிருக்கிறாள். மண்டபத்தில் அட்சதை போடக் கையைத் தூக்கினால் மறுபடி. "அப்புறம் கையத் தூக்கவே இல்லகா. போட்டோவுல எல்லாத்துலயும் கையக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றாள். அவளாகவே பாய் கடைக்குப் போனதையும் சொல்லிவிட்டாள். ஏன் என்னிடம் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்: "வந்தேன்கா. வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க தீபாவளி வேலையில இருந்தீங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டேன்."

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு. ஆனால் பதினொரு வருடத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் இவ்வளவு உபயோகமாகப் பேசியதில்லை. "எப்படி இருக்கு" என்று கேட்டபோது வராத செய்தி, "என்ன செஞ்ச" என்று கேட்டதும் பெர்ரிப் படியிலிருந்து மண்டபம் வரை வரிசையாக வந்தது. நல்லா இருக்கா என்று கேட்டால் மனுஷர்கள் என் மனசைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்கள்.

அடுத்தது பாய். நாசி கண்டார் (சோறும் கறியும்) இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு, மத்தியானம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். சாப்பிட்டு முடிக்கும் வரை அதையும் இதையும் பேசினேன். பிறகு கேட்டேன்: "பாய், என் பிளவுஸ் எத்தனை உங்ககிட்ட வந்திருக்கு?"

கையைக் கழுவிவிட்டு வந்து விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு வருசத்துல... ஏழு இருக்கும்மா."

ஏழு! ஏழு பேர் என் கண்ணாடி முன்னால் சூப்பர் சொல்லிவிட்டு இரண்டு தெரு நடந்திருக்கிறார்கள்.

"ஒன் துணி பிரிக்கிறதுக்கு நல்ல துணிம்மா" என்று ஆறுதல் வேறு. "உள்ள ஒன்றரை இன்ச் விட்டிருப்ப. மத்தவங்க மாதிரி கஞ்சத்தனம் கெடையாது. எனக்கு வேல சுலபம்." பாராட்டா குத்தலா தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதை என் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஏழில் நாலு, கை தூக்கினால் ஏறுகிறது. இரண்டு, லைனிங் சுருங்கிப் பட்டு பொங்கி நிற்கிறது. ஒன்று, பின்கழுத்து அகலமாகித் தோளிலிருந்து வழுக்குகிறது.

கழுத்துக்காரியை விடுங்கள், அவர் கேட்ட டிசைன் அப்படி, கயிறு வைத்தால் சரியாகிவிடும். கை விஷயத்தைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் பல வருடமாகத் தப்பான பாடத்தைப் படித்திருந்தேன்.

முன்பும் ஒரு சிலர் "கை கொஞ்சம் டைட்டா இருக்குகா" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் காது கொடுக்காமல் இல்லை. உடனே கைச் சுற்றை லூஸ் ஆக்குவேன், கைக்குழியை, அதாவது கை பொருத்தும் வளைவை, அரை இன்ச் கீழே இறக்கி வெட்டுவேன். டைட் என்றால் இடம் கொடுக்க வேண்டும், சரிதானே? பாய் தன் பழைய சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, அக்குளில் இரண்டு விரலை விட்டுக் காட்டினார். "இங்க தொங்குது பாரு. இப்பக் கையத் தூக்குறேன்." தூக்கினார். சட்டை இடுப்பிலிருந்து மேலே வந்தது. பிறகு அக்குளுக்குக் கீழே துணியைக் கொத்தாகப் பிடித்து ஊக்கு குத்தி, கைக்குழியை மேலே ஏற்றினார். மறுபடி தூக்கினார். சட்டை அசையவில்லை.

விஷயம் இதுதான். கைக்குழி அக்குளை விட்டுக் கீழே இறங்க இறங்க, கையும் உடம்புப் பகுதியும் சேரும் இடம் தாழ்ந்துபோகிறது. கையைத் தூக்கும்போது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மொத்த பிளவுஸும் கூடவே கிளம்புகிறது. கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை தன் பாட்டுக்குச் சுற்றும், உடம்புப் பகுதி நின்ற இடத்தில் நிற்கும். அதோடு கையின் மேல்வளைவை ரொம்ப உயரமாக வெட்டினால் தொங்கவிட்ட கைக்கு அழகாக விழும், தூக்க விடாது. வளைவைத் தாழ்த்தினால் அக்குள் பக்கத் தையல் நீளமாகிக் கைக்கு இடம் கிடைக்கும். ஆக, டைட் என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் நான் கைக்குழியை இறக்கி இறக்கி இன்னும் மோசமாக்கிக் கொடுத்திருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு. வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்டு!

அன்றைக்கு ஒன்று உறைத்தது. வலி எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். அது ஏன் என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை இல்லை. கிளினிக்கில் "வயிறு வலிக்குது டாக்டர், இந்த மாத்திரையைக் குடுங்க" என்று கேட்பவர்களிடம் டாக்டர் வலியைத்தான் விசாரிப்பார், மாத்திரையை விட்டுவிடுவார். நான் "லூஸ் பண்ணுங்க" என்பதை மருந்தாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

லைனிங் கதை இதைவிட வெட்கம். காட்டன் லைனிங்கை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். எந்தத் தையல் வகுப்பிலும் முதல் வாரம் சொல்லித் தருகிற விஷயம். எனக்கும் தெரியும், நானும் செய்துகொண்டிருந்தேன். ஒரு தீபாவளி நெருக்கடியில் ஒரு தடவை விட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமும் விட்டேன். இப்படியே பழக்கமாகிவிட்டது. நனைக்காத லைனிங் முதல் தடவை துவைத்ததும் சுருங்கும். மேல்துணிப் பட்டு அந்த அளவுக்குச் சுருங்காது. உள்ளே இழுக்க, வெளியே பொங்க, பக்கத் தையல் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பிளவுஸ் அரை சைஸ் சின்னதாகிவிடும்.

அது நடந்தபோது அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? என்னைத் திட்டவில்லை. தங்களையே திட்டிக்கொண்டார்கள். பழைய ஆட்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தபோது "உடம்பு போட்டுட்டேன் அக்கா, போன வருசம் தச்சது இப்ப ஏறமாட்டேங்குது" என்று சொன்னது ஞாபகம் வந்தது. நான் என்ன செய்தேன்? சிரித்துக்கொண்டே "புள்ள பெத்தா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, புது அளவு எடுத்து, புது பிளவுஸுக்கு 60 வெள்ளி வாங்கினேன். பழைய அளவையும் புது அளவையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். ஒருவருக்கு மார்புச் சுற்று கால் இன்ச் கூடியிருக்கிறது. இன்னொருவருக்கு ஒன்றுமே கூடவில்லை. என் லைனிங் சுருங்கியதற்கு அந்தம்மா ஒரு வருடம் ராத்திரிச் சோற்றைக் குறைத்திருப்பார்.

துணிக்கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் இந்த ஒரு வரியை மட்டும் கவனியுங்கள். "நான்தான் குண்டாயிட்டேன்", "எனக்குத்தான் கட்டத் தெரியல", "என் கலருக்கு இது எடுக்கல." இவை பேச்சுவாக்கில் வரும். புகார் மாதிரியே இருக்காது. பாதி சமயம் புகார்தான். நம் ஊர்ப் பெண்கள் கடைக்காரிமேல் போட வேண்டிய பழியைத் தன் உடம்பின்மேல் போட்டுக்கொள்வார்கள். அந்த இரண்டு பேருக்கும் பழைய பிளவுஸைக் கொண்டுவரச் சொல்லிப் பிரித்து லைனிங்கை மாற்றிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னபோது ஒருவர் என்னைத் திட்டினார். சரி, திட்டு வாங்க வேண்டியதுதான். இன்னொருவர், சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டார்.

பிறகு தைப்பூசம் வந்தது. 2025-இல் பிப்ரவரி 11. பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வரை எங்கள் பக்கத்தில் ஊசி ஓடும். மஞ்சள் பிளவுஸ் இருபத்தேழு எடுத்திருந்தேன், அதில் பாதிக்கு மேல் பால்குடம் எடுப்பவர்கள். முருகன் கோவில் இருக்கும் தண்ணீர்மலையில் 513 படி. தலையில் குடம், குடத்தைப் பிடித்தபடி இரண்டு கையும் மேலே. என் கைக்குழிக்கு முருகனே பரீட்சை வைத்த மாதிரி இருந்தது.

முழுசாகத் தைத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். பக்கத் தையலையும் கையையும் பெரிய பெரிய இழையாக ஓட்டிவிட்டு, ஒரு தடவை வந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் செம்பைக் கொண்டுவந்து கடையில் வைத்தேன். "இதத் தலையில வச்சுப் பிடிங்க, படியேறுற மாதிரி நாலு எட்டு வையுங்க" என்பேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பூக்கடை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு "இங்கயே வேண்டுதல முடிச்சிரு" என்றார். ஆனால் செம்பைத் தூக்கியதும் சிரிப்பு நின்றுவிடும். உடம்பு சொல்ல ஆரம்பிக்கும். ஒரு அம்மாவுக்கு இடது தோளில் மட்டும் சுருக்கம் விழுந்தது. அளவெடுக்கும்போது இரண்டு தோளும் ஒன்று என்று நினைத்திருந்தேன், இல்லை. ஒருவருக்குப் பின்னால் கீழ்ப்பட்டி இரண்டு விரல் மேலே ஏறியது. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்குகா" என்று சொல்லிக்கொண்டேதான் ஏறியது. நான் அவர்கள் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கீழ்ப்பட்டியைப் பார்த்தேன்.

இருபத்தேழில் நாலு பேருக்கு அந்தக் கட்டத்திலேயே பிரித்துச் சரிசெய்தேன். கொடுத்த பிறகு திரும்பி வந்தது இரண்டு. அந்த இரண்டும் என்னிடமே வந்தன, பாயிடம் போகவில்லை. (கேட்டு உறுதிசெய்துகொண்டேன். இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவை நாசி கண்டாரோடு போகிறேன். "ஒன் துணி ஒண்ணும் வரலம்மா, எனக்கு நட்டம்" என்கிறார்.)

திரும்பி வர வைப்பதற்கும் ஒரு வேலை செய்தேன். பில்லில் ஒரு வரி சேர்த்தேன்: ஒரு மாதத்துக்குள் ஒரு தடவை ஆல்ட்டர் இலவசம். முன்பும் கேட்டால் இலவசமாகத்தான் செய்து கொடுப்பேன். ஆனால் கேட்க வேண்டும் என்றால் அவர்கள் என்னிடம் குறை சொல்ல வேண்டும், குறை சொன்னால் எனக்கு மனசு கஷ்டப்படும் என்று தயங்குவார்கள். இப்போது அது அவர்கள் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு. "அக்கா, அந்த ஃப்ரீ ஒண்ணு இருக்குல்ல" என்று உரிமையோடு வருகிறார்கள். வாசல் வரை வந்து திரும்பிப் போவது குறைந்திருக்கிறது. என் மூஞ்சியையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முயற்சி செய்கிறேன், அது அவ்வளவு சுலபமாக இல்லை.

கியூஆர் கோடைக் கிழித்துவிட்டேன். மகனுக்கு வருத்தம். அதற்குப் பதில், கொடுத்த மூன்றாவது வாரம் வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு கேள்வி அனுப்புகிறேன்: "அந்த பிளவுஸ எத்தன தடவ போட்டீங்க?" அவ்வளவுதான். "ரெண்டு தடவ கா, கோவிலுக்கும் பர்த்டேக்கும்" என்று வந்தால் நிம்மதி. "இன்னும் போடல, விசேசம் அடுத்த மாசம்" என்றால் அடுத்த மாதம் மறுபடி கேட்பேன். "ஒரு தடவ" என்று மட்டும் வந்து, பின்னால் ஒன்றும் இல்லை என்றால், போன் எடுத்துக் கூப்பிடுகிறேன். எல்லாருக்கும் அனுப்ப நேரம் இல்லை. புது ஆட்களுக்கும், முன்பு மாதாமாதம் வந்து இப்போது ஆறு மாதமாகக் காணாமல்போனவர்களுக்கும்தான். காணாமல்போனவர்களைக் கூப்பிடத்தான் நெஞ்சு படபடக்கும். அதில் ஒரு அம்மா ஜொகூருக்கு மகள் வீட்டுக்கே போய்விட்டாராம், நான் மூன்று நாள் தூங்காமல் யோசித்தது வீண்.

கேட்க ஆரம்பித்தால் இன்னொரு தொல்லையும் வருகிறது. எல்லாரும் யோசனை சொல்வார்கள். என் நாத்தனார் "ஆரி வேலை ஆரம்பி, அதிலதான் காசு" என்கிறார். அவர் என்னிடம் ஒரு பிளவுஸும் தைத்ததில்லை. ஒரு அங்கிள், மனைவியைக் கூட்டிவர வந்தவர், கடைக்கு ஏர்கான் போட்டால் கூட்டம் வரும் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஒருவர் 60 வெள்ளி அதிகம் என்கிறார். இன்னொருவர் இவ்வளவு குறைவாக வாங்கினால் தரம் இருக்காது என்று நினைப்பார்களே என்கிறார். ஒரு மாமி பின்கழுத்தை இறக்கி வெட்டுவதையே நான் நிறுத்த வேண்டும் என்று அன்பாக மிரட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். நோட்டில் ஏறுவது, தானே போட்டு, தானே பட்டதைச் சொல்கிறவர்களுடையது மட்டும். அதிலும் ஒருவர் சொன்னால் அவருடைய பிளவுஸை மாற்றுவேன், என் பேப்பர் கட்டிங்கைத் தொட மாட்டேன். ஒருவருக்கொருவர் பழக்கமில்லாத மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால்தான் கட்டிங்கில் கை வைப்பேன். கைக்குழியை அப்படித்தான் அரை இன்ச் மேலே ஏற்றினேன். லைனிங்குக்கு மூன்று பேர் தேவைப்படவில்லை, அது என் சோம்பேறித்தனம், எனக்கே தெரியும். பின்பக்கத்தில் இப்போது எப்போதும் ஒரு வாளி லைனிங் ஊறிக்கொண்டிருக்கிறது.

நஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். போட்டுப் பார்க்க வரச் சொல்வது இருபது நிமிட வேலை, அவர்களுக்கு இன்னொரு நடை. பார்க்கிங் கிடைக்காத இந்த இடத்துக்கு இரண்டு தடவை வர வேண்டுமா என்று ஒரு சிலர் முகத்தைச் சுளித்து வேறு கடைக்குப் போய்விட்டார்கள். தீபாவளி நெருக்கடியில் எல்லாருக்கும் இது முடியாது. 2025-இல் புது ஆட்களுக்கு மட்டும்தான் செய்தேன், பழையவர்களுக்கு அவர்களுடைய அளவு ஜாக்கெட்டை நம்பி வெட்டினேன். முன்பைவிட எட்டு பிளவுஸ் குறைவாக எடுத்தேன் அந்தத் தீபாவளிக்கு.

மாம்பழக்காரத் தங்கச்சி மறுபடி வந்தாள். இந்த முறை ராமர் பச்சை, அவள் தம்பி கல்யாணத்துக்கு. போட்டுப் பார்த்தாள், செம்பைத் தூக்கினாள், எல்லாம் சரியாக நின்றது. எனக்குப் பெருமைதான், மறைப்பானேன். கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாள். "அக்கா, நல்லாருக்கு. ஆனா எடது கை மட்டும் லேசாப் பிடிக்குது கா, அவன எடுப்புல வச்சா மட்டும்தான். சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன்..."

செம்பு இரண்டு கைக்கும் பொது. பிள்ளை இடது இடுப்பில் உட்காருவான், கை வளைந்து அவனைப் பிடிக்கும். அது எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பையனையும் தூக்கிக்கொண்டு.